எலும்பு வெளியே தெரியும் முறிவு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: டாக்டர், பைக்கில் விழுந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் அதை உள்ளே தள்ளப் பார்த்தார்கள். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். ரோட்டு மண்ணும் சேர்ந்து உள்ளே போய்விடும். சுத்தமான துணியை வைத்து, எலும்பின் மேல் அழுத்தாமல் அதைச் சுற்றி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி பலகையோ கெட்டி அட்டையோ வைத்துக் கட்டுங்கள். அதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மஞ்சள் தூள், காபித்தூள் எதுவும் போடாதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று தண்ணீரும் கொடுக்காதீர்கள், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

கேள்வி: ரத்தம் நிற்கவில்லை என்றால் கயிறு கட்டலாமா சார்?

பதில்: அழுத்தியும் கொட்டினால் மட்டும், காயத்துக்கு மேலே உடல் பக்கமாக, மூட்டைத் தவிர்த்து. மெல்லிய கயிறு சதையை அறுக்கும், அகலமான துணிப்பட்டைதான் வேண்டும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். வழியில் தளர்த்திப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். தோலில் சின்ன ஓட்டைதான், எக்ஸ்ரேயில் டிபியா (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) முறிவு. ஒரு தையல் போட்டு மாவுக்கட்டு போட்டால் போதாதா?

பதில்: போதாது தம்பி. இந்தச் சின்ன ஓட்டையில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உற்றுப் பாருங்கள், கசியும் ரத்தத்தில் எண்ணெய்ச் சொட்டு போல கொழுப்பு மிதந்தால் அது மஜ்ஜையிலிருந்து வருகிறது. முறிவுக்குப் பக்கத்தில் தோல் கிழிந்திருந்தாலே, இல்லை என்று நிரூபணமாகும்வரை அது திறந்த முறிவுதான், அதாவது வெளிக்காயம் எலும்பு முறிவு வரை போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூச்சு, ரத்த அழுத்தம், மற்ற காயங்கள். காலைப் பார்த்துக்கொண்டே வயிற்றுக்குள் கசியும் ரத்தத்தைக் கோட்டை விடக்கூடாது. பிறகு பாத நாடி, விரல் அசைவு, உணர்ச்சி. கோணலாக இருந்தால் வலி மருந்து கொடுத்து நேராக்கி, நாடியைத் திரும்பப் பாருங்கள். காயத்தை ஒரே ஒரு போட்டோ எடுத்து, சலைன் நனைத்த துணியால் மூடிவிடுங்கள். வருகிறவர் எல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஆன்டிபயாடிக் முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாகப் போக வேண்டும், டெட்டனஸ் ஊசியும் மறக்காதீர்கள். திறந்த முறிவு எவ்வளவு மோசம் என்று பிரிக்கும், 1976-இல் வந்த கஸ்டிலோ-ஆண்டர்சன் வகைப்பாட்டில் இது எந்த வகை என்பதை தியேட்டரில் சுத்தம் செய்த பிறகு முடிவு செய்தால் போதும். சாக்கடை, வயல் சேறு பட்டதும் ரத்தக்குழாய் அறுந்ததும் காத்திருக்கவே கூடாது. மற்றவை 24 மணி நேரத்துக்குள், அனுபவமுள்ள கையால்.

கேள்வி: என் கணவருக்குக் காலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வார்கள் டாக்டர்?

பதில்: அம்மா, ரத்த ஓட்டம் நன்றாக இருந்தும் சதையும் எலும்பும் மோசமாகச் சிதைந்த கால்களுக்கு கோவை கங்கா மருத்துவமனையில் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனி எண், அதோடு வயது, சர்க்கரை நோய் போன்றவை, மொத்தம் 29. 14-க்குள் என்றால் காப்பாற்றப் பார்ப்பார்கள், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே பெரும்பாலும் நல்லது. 15, 16-இல் ஆளைப் பொறுத்து முடிவு. எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, கட்டு போட்டு வந்த தம்பி இரவெல்லாம் வலியில் கத்துகிறான். மாத்திரைக்கும் வலி குறையவில்லை. காலையில் போனால் போதுமா?

பதில்: இப்போதே கிளம்புங்கள். கால் விரலை நீங்கள் லேசாக நீட்டினாலே அவன் துடித்தால் உள்ளே தசை இறுகி ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம். காயம் திறந்திருந்தாலும் இது வரும். பாதத்தில் நாடி இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள், நாடி போவது கடைசியில்தான். போனதும் அந்தக் கட்டை, தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கும் பிரிக்கச் சொல்லுங்கள்.