எழுபதில் கண்ணாடிக்கு வந்த ஷகால்

கேள்வி: ஆயுள் முழுக்கத் திரைச்சீலையில் வரைந்த ஓவியர் வயதான பிறகு வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யப் போனால், அது பொழுதுபோக்கு மாதிரிதானே? அதில் உண்மையிலேயே சாதித்தவர் உண்டா?

உண்டு, மார்க் ஷகால். என்னைக் கேட்டால், அவருடைய கடைசி முப்பது வருடத்தில் எண்ணெய் ஓவியங்களைவிடக் கண்ணாடிகள்தான் ஒரு படி மேல். பறக்கும் காதலர்கள், வயலின்காரர், சேவல், கூரைமேல் ஆடு என்று பிற்கால ஓவியங்களில் அவர் தன்னையே திருப்பித் திருப்பி வரைந்தார். அதே ஆடும் சேவலும் கண்ணாடிக்குள் போனதும் புதிதாகத் தெரிகின்றன. வெயில் ஏறி இறங்க ஒரே படம் ஒரு நாளில் பத்து விதமாக மாறும். திரைச்சீலையில் அது நடக்காது.

ஷகால் பிறந்தது 1887-ல், இன்றைய பெலாரஸில் உள்ள வீத்தெப்ஸ்க் பக்கம், ஏழை யூதக் குடும்பத்தில். பாரிஸ், ரஷ்யப் புரட்சி, மறுபடி பாரிஸ், நாஜிகளிடம் தப்பி 1941-ல் அமெரிக்கா, போர் முடிந்து திரும்பவும் பிரான்ஸ். இதற்குள் உலகப் புகழ் வந்துவிட்டது. ஆல்ப்ஸ் மலையில் அஸ்ஸி என்ற ஊரின் சர்ச்சுக்கு முதல் கண்ணாடிகளைச் செய்தது 1957-ல். அப்போது வயது எழுபது. நம்மூரில் ஓய்வூதியம் வாங்கிப் பத்து வருடம் ஆகியிருக்கும்!

அடுத்த வருடம் பிரான்ஸின் மெட்ஸ் நகரப் பேராலய வேலை வந்தது. அங்கேதான் ரேம்ஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் ஷார்ல் மார்க்கோடு சேர்ந்தார். ஷார்ல் மார்க்கின் மனைவி பிரிஜிட் சிமோன் பல தலைமுறையாகக் கண்ணாடி வேலை செய்யும் குடும்பத்தில் வந்தவர். இந்தத் தம்பதி இல்லாமல் ஷகாலின் ஜன்னல்கள் இல்லை. எல்லாரும் ஓவியர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரணமாக வண்ணக் கண்ணாடியில் ஒரு துண்டுக்கு ஒரு நிறம்தான். நிறம் மாறவேண்டுமென்றால் வேறு துண்டு வெட்டி, நடுவில் ஈயப் பட்டை வைத்து இணைக்க வேண்டும். ஷகாலோ நீலத்துக்குள்ளேயே வெளிர்நீலம், அதற்குள் வெள்ளை என்று கரையவிடுகிற ஆள். ஷார்ல் மார்க் கண்ட வழி இது: வெளிர் கண்ணாடியின் மேல் மெல்லிய நிறப் படலம் ஒட்டிய தகடுகளை எடுத்து, அந்தப் படலத்தை அமிலத்தால் அரிக்கவிடுவது. எவ்வளவு அரிக்கிறதோ அவ்வளவு வெளுக்கும். ஒரே துண்டில் கருநீலத்திலிருந்து வெள்ளை வரை கொண்டுவரலாம், நடுவில் ஈயம் தேவையில்லை. இதனால் ஈயக் கோடுகளுக்கும் விடுதலை. உருவத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டிய கட்டாயம் போய், ஓவியரின் கைக்கோடு மாதிரி எங்கே வேண்டுமானாலும் வளையலாம். அப்புறம் ஷகால் பட்டறைக்கு வந்து, இரும்பு ஆக்சைடும் பொடித்த கண்ணாடியும் கலந்த கறுப்புப் பூச்சைத் தடவி, சுரண்டி, துடைத்து, முகங்களையும் இலைகளையும் தானே வரைவார். அது சூளையில் சுட்டால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறகு வேலை குவிந்தது. ஜெருசலேம் ஹதாசா மருத்துவமனையின் தொழுகைக்கூடத்துக்கு 12 ஜன்னல்கள், 1962-ல். இஸ்ரவேலின் 12 கோத்திரங்கள்தான் கரு. யூத மரபை மதித்து மனித உருவமே வைக்காமல் மீனும் பறவையும் மிருகங்களுமாகச் சொல்லியிருப்பார். 1964-ல் நியூயார்க் ஐ.நா. கட்டடம், 1970-ல் சூரிச், 1974-ல் ரேம்ஸ் பேராலயம், 1977-ல் சிகாகோ.

ஆனால் ஒன்றே ஒன்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் டூட்லி கிராமத்துக்குப் போங்கள். டன்பிரிட்ஜ் பக்கத்தில் சின்னச் செங்கல் சர்ச். 1963-ல் படகு விபத்தில் கடலில் மூழ்கி இறந்த 21 வயதுப் பெண்ணின் நினைவாக, பெற்றோர் கிழக்கு ஜன்னலை மட்டும் ஷகாலிடம் கேட்டார்கள். 1967-ல் அது பொருத்தப்பட்டபோது நேரில் வந்து பார்த்தவர், மற்ற ஜன்னல்களையும் நானே செய்கிறேன் என்றார். கடைசி ஜன்னல்கள் வந்தது 1985-ல், அவர் 97 வயதில் காலமான அதே வருடம். இன்று அந்தச் சர்ச்சில் எல்லா ஜன்னலும் ஷகாலுடையதுதான்.

எனக்கு அங்கே பிடித்தது கிழக்கு ஜன்னலின் கீழ்ப்பகுதி. நீல அலைக்குள் அந்தப் பெண் கிடக்கிறாள். அங்கிருந்து ஓர் ஏணி சிலுவை வரை ஏறுகிறது. நடுவில் ஒரு சிவப்புக் குதிரை, அத்தனை நீலத்தில் அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். மேகமூட்டமான நாளில் போகாதீர்கள், பாதி இழந்துவிடுவீர்கள்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் புனித ஸ்டீபன் சர்ச் இன்னொரு கதை. அங்குள்ள பாதிரியார் கிளாவுஸ் மாயர் விடாமல் கடிதம் எழுதிக் கேட்டார். நாஜிகளிடம் தப்பிய யூதரிடம் ஜெர்மன் சர்ச்சுக்கு வேலை கேட்பது லேசான காரியமா? ஷகால் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். முதல் ஜன்னல் 1978-ல் ஏறியபோது வயது 91. மொத்தம் ஒன்பது செய்தார். மீதி ஜன்னல்களை அவர் இறந்த பிறகு ஷார்ல் மார்க் அதே நீலத்தில் முடித்தார். உருவங்கள் இருந்தால் ஷகால், வெறும் நிறமாக ஓடினால் மார்க் என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.