மாடியில் இருக்கும் பேனலுக்கு மேல் லென்ஸ் வைக்கலாமா?

கேள்வி: மாடியில் நான்கு சிலிக்கான் பேனல்கள் இருக்கின்றன. பழைய ப்ரொஜெக்ஷன் டிவியில் கழற்றிய ஃப்ரெனல் லென்ஸ் (தட்டையான பெரிய லென்ஸ்) ஒன்றும் கையில் இருக்கிறது. அதை வைத்து வெயிலைக் குவித்தால் கரண்ட் கூடுமா? இல்லை, குவிந்த வெயிலுக்கென்றே செய்த செல்லை வாங்கிப் போடலாமா?

பதில்: தயவுசெய்து அந்த லென்ஸைப் பேனல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது குவிக்கிற புள்ளியில் மரக்கட்டையே நொடிகளில் புகைய ஆரம்பிக்கும், பேனல் எந்த மூலைக்கு?

பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருக்கின்றன. ஒரு செல்லில் மட்டும் வெயிலைக் கொட்டினாலும், பக்கத்து செல்கள் விடுகிற அளவுக்குத்தான் மின்னோட்டம் போகும், அதுவும் லென்ஸின் நிழல் விழுகிற செல்கள் இன்னும் குறைவாகத்தான் விடும். சரி, எல்லா செல்லுக்கும் சமமாகப் பத்து மடங்கு வெளிச்சம் கொடுத்தால்? மின்னோட்டமும் ஏறக்குறைய பத்து மடங்காகும், ஆனால் செல்லின் மேல் ஓடும் அந்த மெல்லிய வெள்ளிக் கோடுகளில் வீணாகும் சக்தி நூறு மடங்காகிவிடும். இரண்டு மடங்கே ஆபத்துதான். 1980-களில் கலிபோர்னியாவின் கரிசா சமவெளியில் பேனல்களுக்கு இருபுறமும் வெயிலைத் திருப்பிவிடும் முகக்கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார்கள், சில வருடங்களில் செல்லை மூடியிருந்த பிளாஸ்டிக் படலம் பழுப்பேறி உற்பத்தி சரிந்தது.

குவிந்த வெயிலுக்கான செல் வேறு ஜாதி. காலியம் இண்டியம் பாஸ்பைடு, காலியம் ஆர்சனைடு, ஜெர்மானியம் என்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்கும் தனக்கான நிறங்களை மட்டும் பிடித்துக்கொள்ளும். 2022-இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகம் 665 மடங்கு வெளிச்சத்தில், இப்படி அடுக்கிய ஒரு செல்லில் விழுந்த ஒளியின் 47.6 சதவீதத்தை மின்சாரமாக்கியது, வீட்டுப் பேனல் 20 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நகம் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டர் செல்மேல் 500 மடங்கு வெயில் என்றால் 50 வாட் விழுகிறது, 20 வாட் மின்சாரமானாலும் மீதி 30 வாட் வெப்பத்தை அந்த நகத்தின் அடியிலிருந்து இழுத்தாக வேண்டும்.

அப்புறம், சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. இந்த அமைப்புகள் பலவற்றில் ஒரு டிகிரி விலகினாலே ஒளி செல்லை விட்டு வெளியே போய்விடும், அதனால் சூரியனைப் பின்தொடர்ந்து இரண்டு அச்சில் திரும்பும் டிராக்கர் கட்டாயம். லேசாக மேகம் மூடினால் உங்கள் பழைய பேனல் ஏதோ கொஞ்சமாவது தரும், இது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. சிலிக்கான் விலை விழுந்தபோது இந்தத் தொழிலே சுருங்கியதற்கு இதெல்லாமும்தான் காரணம்.

வீட்டுக்கு என்றால் அந்தக் காசில் இன்னொரு சாதா பேனல் போடுங்கள். கற்றுக்கொள்ளத்தான் என்றால், பீங்கான் தகட்டில் ஏற்கெனவே ஒட்டிய செல்லாகக் கேட்டு வாங்குங்கள், ஹீட் சிங்க் (வெப்பத்தை இழுத்து வெளியே விடும் உலோகத் துண்டு) பொருத்தாமல் வெயிலில் காட்டாதீர்கள், வெல்டிங் கண்ணாடி போடாமல் குவியத்தைப் பார்க்காதீர்கள், வேலை முடிந்ததும் லென்ஸைத் துணியால் மூடிவிட்டுக் கீழே இறங்குங்கள்.