விழச் சம்மதித்தேன், விலகிய பலகைக்குமா?

கேள்வி: நான் தொழில்முறை மல்யுத்த வீரன். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சியில் எதிராளி என்னைத் தூக்கிப் போட்டபோது ரிங்கின் அடிப்பலகை விலகி, தலை இரும்புச் சட்டத்தில் மோதியது. வாந்தி எடுத்தேன். ஆட்டம் எப்படி முடிந்தது என்பது இன்றுவரை நினைவில் இல்லை. டாக்டரிடம் காட்டாமலே ஐந்தாம் நாள் மறுபடியும் ரிங்கில் இறக்கிவிட்டார்கள். இப்போது ஓயாத தலைவலி. செலவைக் கேட்டால், "நீ எங்கள் ஊழியன் அல்ல, காயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாய்" என்கிறது நிறுவனம். முடிவைப் பேசிவைத்து ஆடும் ஆட்டத்துக்கு வழக்குப் போட்டால் நீதிமன்றம் சிரிக்கும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: சிரிக்காது. பேசிவைத்த ஆட்டம் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம். குத்துச்சண்டையில் எதிராளியின் வேலை உங்களை வீழ்த்துவது. உங்கள் தொழிலில் அவருடைய வேலை, வீழ்த்துவதுபோல் காட்டிக்கொண்டே உங்கள் கழுத்தைக் காப்பாற்றுவது. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, கைகளால் மேடையை அறைந்து விழ உங்களுக்குப் பயிற்சி இருக்கிறது. பலகையும் அதன்மேல் மெத்தையும் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அப்படி விழுகிறீர்கள். நீங்கள் சம்மதித்தது அந்த விழுதலுக்கு. பலகை விலகுவதற்கு யாரும் உங்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு சார்லஸ் ஆஸ்டின் என்ற வீரர், டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) என்ற மல்யுத்த நிறுவனத்தின் நிகழ்ச்சியில் ஒரு பிடியில் தலைகுப்புற விழுந்து கழுத்து முறிந்து முடங்கினார். அவரும் பேசிவைத்த ஆட்டத்தில்தான் விழுந்தார். 1994இல் ஜூரி அவருக்கு 2 கோடியே 67 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் அதே நிறுவனத்தின் வீரர் ஓவன் ஹார்ட், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தார். குடும்பத்தார் தொடுத்த வழக்கு அடுத்த ஆண்டு 1 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசமானது. நீதிமன்றம் சிரிக்கும் என்று சொல்லும் நண்பர்களிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அதன் வலிமை நாட்டுக்கு நாடு மாறும். எனினும், இந்தத் தொழிலுக்கே உரிய ஆபத்தை ஏற்றுக்கொள்வது வேறு, நிறுவனத்தின் கடும் கவனக்குறைவை மன்னிப்பது வேறு என்று பல நாடுகளின் நீதிமன்றங்கள் பிரித்தே பார்க்கின்றன. என் கணிப்பில், பலகையைவிட அந்த ஐந்தாம் நாள்தான் நிறுவனத்தைச் சிக்கவைக்கும். பலகையைத் தற்செயல் என்று வாதாடலாம். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்து, நடந்ததையும் மறந்துபோன ஒருவரை மருத்துவர் பார்க்காமல் மறுபடி ஆடவிட்டதை என்னவென்று சொல்வார்கள்? மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும், மருத்துவர் அனுமதித்த பிறகே திரும்ப வேண்டும் என்பது விளையாட்டு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட நடைமுறை.

"ஊழியன் அல்ல" என்ற வாதத்தில், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெயரோடு நீதிமன்றம் நின்றுவிடாது. யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, என்ன உடை, வேறு நிறுவனத்தில் ஆடலாமா, இவற்றையெல்லாம் யார் முடிவு செய்தார்கள் என்றும் பார்க்கும். எல்லாம் அவர்கள்தான் என்றால், ஊழியருக்குரிய விபத்து இழப்பீட்டைக் கோர வழி பிறக்கும். அது கிடைக்காவிட்டாலும் கவனக்குறைவுக்கான வழக்கு உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது "நான்கு மாதங்கள்" என்ற சொற்கள். மூளைப் பாதிப்புக்காக டபிள்யூ.டபிள்யூ.இ. மீது 2016இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2018இல் தள்ளுபடியானது. வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலவரையறை கடந்துவிட்டது என்பது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. வலியைச் சொன்னால் அடுத்த ஆட்டம் கிடைக்காது என்று வாயை மூடிக்கொள்வது உங்கள் தொழிலின் பழக்கம். காலவரையறை அதற்காகக் காத்திருக்காது.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எப்போது, எப்படி அடிபட்டது என்பதை அவருடைய குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அன்றைய ஒளிப்பதிவை அழிக்கக் கூடாது என்று நிறுவனத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஐந்தாம் நாள் ஆடச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தி இருந்தால், அந்தப் போனை மாற்றவே மாற்றாதீர்கள். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அங்குள்ள வழக்கறிஞரிடம் போங்கள். உங்களைத் தூக்கிப் போட்டவரை வழக்கிலும் எதிராளியாக்க அவசரப்பட வேண்டாம். பலகை விலகியதை மிக அருகிலிருந்து பார்த்தவர் அவர்தான்.

நோட்டீஸ் போன சில நாள்களில் ஒரு சிறு தொகையும் ஒரு தாளும் வரலாம். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற சொற்கள் அந்தத் தாளில் எங்காவது இருந்தால், வழக்கறிஞர் படிக்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.