டீக்கடையில் வேலை செய்யும் வடமாநிலச் சிறுவனுடன் பெற்றோர் யாரும் இல்லை. டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாமா?

தயவுசெய்து அனுப்பாதீர்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் தனியாக ரயிலேறும் பிள்ளை வழியில் யார் கையில் சிக்குவான் என்று சொல்ல முடியாது. ஊர் போய்ச் சேர்ந்தாலும், கூட்டி வந்த ஏஜென்ட் மறுபடி தேடிப் போவான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

எனக்குக் கடலூர் ரோட்டில், புதுச்சேரி-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் முள்ளோடைப் பக்கம் ஹார்டுவேர் கடை. பக்கத்துப் பரோட்டா கடைக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு பையன் வந்தான். மீசைகூட அரும்பவில்லை, ஆதாரில் வயது 19. (ஆதாரைப் பிறந்த தேதிக்குச் சான்றாக ஏற்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2024-ல் சொல்லிவிட்டது. பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை.) நான் 1098-க்குச் சொன்னேன். அவர்கள் வந்து விசாரிக்கும்போதே, "நான் இவன் மாமா, கூட்டிப் போகிறேன்" என்று ஒருவன் வந்து நின்றான். எல்லோரும் பையனிடம் இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவன் வாயே திறக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது சந்தாலி மொழி மட்டும்தான். பக்கத்தில் கட்டட வேலை செய்த, அந்த மொழி தெரிந்த ஓர் அம்மாவை அழைத்து வந்து கேட்கச் சொன்னோம். மாமாவின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை! சம்பளமும் அந்த ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

இதற்கு நடுவில் போலீஸில் "இது புதுச்சேரியா, தமிழ்நாடா" என்று பேச்சு. என் அண்ணன் இதே ரோட்டில் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோதும் இதே பேச்சைத்தான் பேசினார்கள். எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தீரவே தீராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அவன் குடும்பத்தை விசாரித்து, அங்கே பாதுகாப்பு உண்டா என்று பார்த்துத்தான் ஊருக்கு அனுப்புவார்கள், அதுவும் துணைக்கு ஆள் போட்டு. நாள் பிடிக்கும். அதுவரை காப்பகத்தில் இருப்பான். எங்கள் பையன் அப்படித்தான் போனான்.

"14 வயதுக்கு மேல் ஹோட்டலில் வேலை பார்க்கலாமே" என்று ஒருவர் நிச்சயம் வருவார். அபாயமில்லாத வேலை என்றால் பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையை ஏமாற்றிக் கூட்டி வந்து அவன் கூலியை வேறொருவன் வாங்குவது ஆள்கடத்தல். 18 வயது வரை அவன் சட்டப்படி குழந்தை. வடமாநிலத்தவர் மேல் வெறுப்பிலும் இதை எழுதவில்லை, அந்தப் பையனுக்காகப் பேசிய அம்மாவும் வடமாநிலம்தான்.

போன் செய்யும் முன் கடைக்காரரிடம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் இரவோடு இரவாகப் பையனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.