பத்மினியின் பின் மட்கார்டை வெட்டலாமா?

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தாத்தா 1974-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி எங்களிடம் இருக்கிறது. எஞ்சின் வேலையெல்லாம் முடித்துவிட்டேன். பின் சக்கரங்களுக்கு 185 அகலத்தில் டயரும் அதற்கேற்ற அலாய் வீலும் வாங்கி மாட்டினேன். இடதுபக்கம் மட்கார்டு விளிம்பில் உரசுகிறது, வலதுபக்கம் உரசவில்லை. தகடு வேலை செய்யும் டிங்கரிடம் காட்டினால், "ரெண்டு பக்கமும் வெட்டி வெளியே இழுத்துடலாம் சார், ஒரு வார வேலை" என்கிறார். வெட்டலாமா ஐயா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: தம்பி, இடதுபக்கம் உரசுகிறது, வலதுபக்கம் உரசவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அதுதான். இரண்டு பக்கமும் ஒரே டயர், ஒரே வீல். மட்கார்டுதான் சின்னது என்றால் இரண்டு பக்கமும் உரச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசினால், ஒன்று அச்சு நடுவில் இல்லை, இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி வாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் மட்கார்டு வளைவின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் வீல் விளிம்புக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, சக்கரம் வளைவின் நடுவில் நிற்கிறதா, முன்னே பின்னே தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். பத்மினியின் பின்பக்கம் பட்டை வண்டி, அதாவது ஸ்பிரிங்காக இருப்பது அடுக்கிய இரும்புப் பட்டைகள். அச்சைப் பட்டையின் மேல் இடம் மாறாமல் பிடித்திருப்பது சென்டர் போல்ட். அது அறுந்து, அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டும் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கச் சக்கரம் முன்னாலோ பின்னாலோ நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பட்டையின் முனையைப் பாடியோடு சேர்க்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். ஐம்பது வருட ரப்பர், கையால் பிய்த்தால் மாவாக உதிரும்.

அச்சு சரியாக இருக்கிறதென்றால் அடுத்தது காந்தம். பெயிண்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி, வளைவைச் சுற்றி மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே தகட்டுக்கு மேல் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, இருக்கிறது. இதே கேள்வியோடு என் பட்டறைக்கு ஒரு பத்மினி வந்தது. காந்தத்தை வைத்தேன், நழுவிக் கீழே விழுந்தது. சுரண்டிப் பார்த்தால் விரல் கனத்துக்குப் பட்டி. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு வண்டி இடித்து வளைவு உள்ளே போயிருக்கிறது. அதை வெளியே தட்டி எடுக்காமல், மேலே பட்டியைப் பூசி உருவம் கொடுத்துவிட்டார்கள். பட்டியை எடுத்துவிட்டு, உள்பக்கம் கட்டை கொடுத்துத் தட்டியதும் அரை அங்குலம் திரும்பக் கிடைத்தது. வெட்டவே இல்லை. வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இடம் கிடைத்ததில் சந்தோஷம், இத்தனை நாள் பட்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தோமே என்று வருத்தம்.

அப்புறம் கணக்கு. உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 5.20-14. அகலம் 5.2 அங்குலம், அதாவது 132 மில்லிமீட்டர். இப்போது மாட்டியிருப்பது 185. கூடுதல் 53. வீலின் நடுக்கோடு பழைய இடத்திலேயே இருந்தால் உள்ளே பாதி, வெளியே பாதி, ஆக வெளிப்பக்கம் 26 மில்லிமீட்டர் தள்ளி வருகிறது. இதற்கு மேல் இன்னொரு சந்தேகம் எனக்கு. அலாய் வீலின் துளைகள் பத்மினி டிரம்மோடு பொருந்தாமல், நடுவில் அடாப்டர் என்று ஒரு தட்டு வைத்து மாட்டியிருப்பார்களோ? தட்டு 20 மில்லிமீட்டர் கனம் என்றால் சக்கரம் 20 மில்லிமீட்டர் வெளியே வரும். வீலைக் கழற்றிப் பாருங்கள்.

185/65 ஆர்14 டயரின் மொத்த உயரம் 596 மில்லிமீட்டர். அதைவிட ஒல்லியான 175/70 ஆர்14 என்றால் 601. பழைய டயரும் ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர்தான், ஆகவே ஸ்பீடோமீட்டர் இரண்டிலுமே பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் 175-இல் வெளிப்பக்கம் கூடுவது 21 மில்லிமீட்டர் மட்டும். அந்த 5 மில்லிமீட்டருக்காகவா ஒரு வாரம் வெட்டி ஒட்டுவது? 1089 சிசி, நாற்பது சொச்சம் குதிரைத்திறன். இந்த எஞ்சினுக்கு 185 டயர் தேவைப்படும் சாலை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் வேண்டாம்.

உரசுகிறதா என்பதையும் வெறும் வண்டியில் பார்க்காதீர்கள். டேங்க்கை நிரப்பி, பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, டிக்கியில் ஒரு சிமென்ட் மூட்டை போடுங்கள். வளைவின் உள்விளிம்பில் அங்கங்கே களிமண் உருண்டை ஒட்டிவிட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் செங்கல் உயரத்துக்கு ஏற்றுங்கள். பட்டை வண்டியில் ஒரு சக்கரம் ஏறினால் அச்சே சாயும், அதனால் சமதளத்தில் அளந்தது அங்கே செல்லாது. அடுத்த பக்கத்துக்கும் அப்படியே. களிமண் எங்கே நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். விளிம்புக்கும் டயருக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழைந்தால் போதும்.

சுண்டுவிரல் நுழையவில்லை என்றால் முதலில் விளிம்பை மடிக்கலாம். மட்கார்டு வளைவின் ஓரத்தில் தகடு உள்நோக்கி மடங்கி நிற்கும். டயர் உரசுவது பெரும்பாலும் அதில்தான். அதை முழுக்க மேலே மடித்துவிட்டால் பத்து மில்லிமீட்டர் வரை கிடைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹீட் கன்னால் சூடாக்கித்தான் மடிக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு, ஆனால் பெயிண்ட் கொப்பளிக்காத சூடு. ஒரே இழுப்பில் மடித்தால் பெயிண்ட் வெடிக்கும், வளைவும் நெளியும். ஐந்தாறு சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. மடித்த இடுக்கில் சீலன்ட் அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட வேண்டும். இதை மறந்தால் மடிப்புக்குள் சேறு தங்கி இரண்டு மழைக்காலத்தில் துரு வெளியே எட்டிப் பார்க்கும்.

வெட்டுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், டிங்கர் முன்னால் நிற்கும்போது கேட்க வசதியாக இருக்கும். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. வெளித்தகடும் உள்ளே சக்கரக் குழித் தகடும் அந்த விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்கின்றன. விளிம்பை வெட்டினால் இரண்டும் பிரியும். வெளித்தகட்டை இழுத்த பிறகு உள்தகட்டுக்கும் அதற்கும் நடுவில் விழும் இடைவெளியை 20 கேஜ் தகட்டுத் துண்டால் முழுக்க அடைக்க வேண்டும். கேஸ் வெல்டிங் கூடவே கூடாது. அந்தச் சூட்டில் மட்கார்டு அப்பளம் போல் நெளியும். சிஓ2 வெல்டிங்கில் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். உள்பக்கத்தை அடைக்காமல் விட்டுவிட்டு வெளியே மட்டும் பட்டி பூசித் தருகிறவர்கள் உண்டு. மழையில் டிக்கிக்குள் தண்ணீர் நிற்கும்போதுதான் தெரியும்.

எனக்கும் இதில் ஒரு கறை இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஃபியட்டின் இரண்டு பின் மட்கார்டையும் கேஸ் வைத்து விரித்தேன். நெளிவை மறைக்கக் கிலோ கணக்கில் பட்டி. டெலிவரி அன்று பார்த்தவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் வண்டி திரும்பி வந்தது, காய்ந்த ஏரி மாதிரி வளைவு முழுக்க விரிசலோடு. காசு வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். ஒரு மாதம் ஆனது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. இதை விடவும் உங்களுக்கு முக்கியமான ஒன்று: 2021 ஜூலையில் வந்த விதியின்படி, முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்து 'வி.ஏ.' எழுத்து வரும் நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். நிபந்தனை, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. பிரீமியர் பிரசிடென்ட் என்ற பெயர் பத்மினி ஆனதே 1974-இல்தான். உங்கள் தாத்தா வாங்கியது அந்தப் பெயரில் வந்த முதல் வண்டிகளில் ஒன்று. அதுவும் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வி.ஏ. நம்பர் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்குத்தான் எடுக்கலாம் என்பதும் உண்மை. உங்களுக்கு அது வேண்டாமலும் இருக்கலாம். ஆனால் நாளை உங்கள் பிள்ளைக்கு வேண்டியிருந்தால், வெட்டிய மட்கார்டை யார் ஒட்டித் தருவது?

185-ஐ விற்றுவிட்டு 5 அங்குல அகல ஸ்டீல் டிஸ்க் வீலும் 175/70 டயரும் போடுங்கள். போடும் முன் தூக்குக்குண்டு.

கேள்வி: வெட்டாமல், மட்கார்டு ஓரத்தை அகலமாகக் காட்டும் ரப்பர் ஃபிளேர் வாங்கி ஸ்குரூ போட்டு மாட்டினால் போதாதா?
- ஈரோடு வாசகர்

பதில்: ரப்பர் ஃபிளேர் துருத்தும் டயரை மறைக்கும், உரசும் டயருக்கு இடம் கொடுக்காது. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துளை. ஒவ்வொரு துளையும் துருவுக்கு ஒரு வாசல்.

கேள்வி: என் அம்பாசடரில் முந்தைய உரிமையாளர் அகலமான டயர் போட்டிருக்கிறார். ஓடும்போது எங்கும் உரசவில்லை. ஆனால் போன வாரம் பின் டயர் பஞ்சர். கழற்ற முடிந்தது, ஸ்டெப்னியை ஏற்ற முடியவில்லை. மட்கார்டைக் கொஞ்சம் உயர்த்தி வெட்டினால் சரியாகுமா?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: சிரிக்காமல் பதில் எழுத முயற்சி செய்கிறேன், மன்னிக்க வேண்டும். அம்பாசடரின் பின் மட்கார்டு முக்காடு போட்ட மாதிரி சக்கரத்தின் மேல்பகுதியை மூடிக்கொண்டு இறங்கும். அதற்கு வந்த டயர் 5.90-15. அந்த ஒல்லி டயர் சாய்த்தால் நழுவி வந்துவிடும். அகல டயர் பஞ்சராகிக் காற்று இல்லாமல் தொளதொள என்று இருந்ததால் வெளியே வந்தது. ஸ்டெப்னியில் காற்று முழுக்க இருக்கிறதே, அது எப்படி உள்ளே போகும்?

ஜாக்கியை அச்சுக்குக் கீழே கொடுக்காமல் பாடிக்குக் கொடுங்கள். அச்சு தொங்கும், சக்கரம் கீழே இறங்கி வழி விடும். அப்போதும் இடித்தால் ஸ்டெப்னியின் காற்றை இறக்கி, உள்ளே தள்ளி, நட்டு முடுக்கிவிட்டு அங்கேயே காற்று அடியுங்கள். டிக்கியில் ஒரு கால் பம்பு போட்டு வையுங்கள். நடுராத்திரியில் விக்கிரவாண்டி பக்கம் இதைச் செய்ய மனமில்லை என்றால் பழைய அளவு டயருக்கே திரும்பிவிடுங்கள். மட்கார்டை உயர்த்தி வெட்டினால் அந்த வண்டியின் முகமே மாறிவிடும். பின்பக்கத்துக்கு முகம் ஏது என்று கேட்காதீர்கள், அம்பாசடருக்கு உண்டு.

கேள்வி: வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு மாடல், வைத்திருக்கிறேன். ஜாக்கியில் தூக்கினால் பின் டயரின் தலை வெளியே சாய்ந்து மட்கார்டைத் தொடுவது போல வருகிறது. விளிம்பை மடிக்கலாமா?
- சென்னை வாசகர்

பதில்: தூக்கிய வண்டியில் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சு, குறுக்கே ஒரே பட்டை. வண்டியைத் தூக்கினால் சக்கரம் தொங்கி, தலை வெளியே, கால் உள்ளே. பாரம் ஏறினால் நேர்மாறு, தலை உள்ளே, கால் வெளியே. ஓட்டத்தில் பள்ளத்தில் இறங்கி அமுங்கும்போது டயரின் தலை மட்கார்டை விட்டு உள்ளேதான் போகிறது. ஆகவே உள்பக்கம் உரசல் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டை தளர்ந்த ஹெரால்டு சும்மா நிற்கும்போதே கால் அகட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். உங்களுடையது அப்படி இருந்தால் முதலில் பட்டையைக் கழற்றிக் கம்மாளரிடம் கொடுத்து வளைவு ஏற்றி வாங்குங்கள், அளவெல்லாம் அதற்குப் பிறகுதான். 1972-இல் இதே கம்பெனி கேசல் என்ற காரைக் கொண்டுவந்தபோது ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு நேர் அச்சுக்கு மாறியது. எங்கள் மாதிரி மெக்கானிக்குகள் போட்ட புலம்பலும் அதற்கு ஒரு காரணம்.

பட்டை ஏற்றிய பிறகு, நான்கு பேர் உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவை எழுதி அனுப்புங்கள். மடிப்பதா வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன்.