காற்று வீசும்போது காற்றாலை ஏன் நிற்கிறது? - கேள்வி பதில்

கேள்வி: எங்கு பார்த்தாலும் சோலார், காற்றாலை என்கிறார்கள். நிலக்கரியும் பெட்ரோலும் உண்மையில் எவ்வளவு குறைந்திருக்கின்றன?

உலகின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 80 சதவீதம் இன்னும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான். மின்சாரத்தில் மட்டும் 2023-ல் சுமார் 30 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது. அதிலும் கிட்டத்தட்ட பாதி அணைகளிலிருந்து வருகிறது. லாரி, கப்பல், இரும்பு உலை, சிமென்ட் சூளை எல்லாம் இந்த மின்சாரக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

கேள்வி: அந்த 80 சதவீதத்துக்கும் ஈடாகச் சோலார் வைக்க முடியுமா?

அவ்வளவும் தேவையில்லை. பெட்ரோல் காரில் எரிபொருளின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. மின்சார வண்டியில் இழப்பு மிகக் குறைவு. அதே தூரம் ஓட மூன்றில் ஒரு பங்கு ஆற்றலே போதும்.

கேள்வி: ஆரல்வாய்மொழி பக்கம் ஆடி மாதம் போனேன். காற்று ஆளைத் தள்ளுகிறது, சில காற்றாலைகள் நிற்கின்றன. ஏன்?

சில பழுதுக்காக நிறுத்தியவையாக இருக்கலாம். பெரிய காரணம் வேறு. மின்கட்டமைப்பில் உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் அதிர்வெண், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு, 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் பாயும் மாதங்களில் நள்ளிரவிலும் உற்பத்தி கொட்டுகிறது. அப்போது தேவை குறைவு. அனல் மின்நிலையத்தையோ நினைத்தபோது அணைத்துப் போட முடியாது. ஆறிய கொதிகலனை மறுபடி சூடாக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் அதைக் குறைந்த அளவிலாவது ஓடவிட்டு, காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். எடுத்துச்செல்லும் மின்தடம் போதாவிட்டாலும் இதே கதிதான். செலவே இல்லாமல் வரும் காற்று இப்படி வீணாவது எனக்குப் பெரிய வருத்தம். புதுக் காற்றாலையைவிட மின்தடத்துக்கும் சேமிப்புக்கும் முதலில் பணம் போட வேண்டும் என்பேன்.

கேள்வி: பேட்டரி வந்துவிட்டதே?

வந்திருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016-ல் மாநிலமே இருண்ட பிறகு, 2017-ல் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். கட்டமைப்பு தடுமாறினால் நொடிக்குள் தாங்கிப் பிடிக்கும். ஆனால் முழு வேகத்தில் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். இப்போது பெரிதாகவே வைக்கிறார்கள். மாலை நேரத் தேவைக்குச் சரி. காற்றில்லாத வாரங்களுக்குப் போதாது. ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் போல, உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது திரும்ப இறக்கி மின்சாரம் எடுக்கும் முறையும் வேண்டும்.

கேள்வி: மாடியில் சோலார் போட்டால் கரன்ட் போனாலும் ஃபேன் ஓடுமா?

பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில் ஓடாது. வெளியே கரன்ட் நின்றதும், சோலார் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதல்லவா? மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் பேட்டரியோடு சேர்த்து விலை கேளுங்கள்.