புதிதாக வாங்கிய உப்புநீர் மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்: என்ன நோய், என்ன மருந்து?

புளூ டாங் என்ற நீல நிறக் கடல் மீன் வாங்கி ஆறு நாள் ஆகிறது, துடுப்பிலும் விலாவிலும் வெள்ளைப் புள்ளிகள், கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்து தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார், ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றாதீர்கள். தொட்டியில் பவளமும் இறாலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது காப்பர், அதாவது செம்பு கலந்த மருந்தாக இருந்தால் மீனைக் காப்பாற்றுகிறதோ இல்லையோ, இறாலை முதலில் கொன்றுவிடும். போதாததற்குக் கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தண்ணீரில் மருந்தின் அளவு ஒருநாளும் நிலையாக நிற்காது.

நான் இந்தத் தவறைச் செய்துவிட்டுத்தான் பேசுகிறேன். சென்னையில் முதல் உப்புநீர்த் தொட்டி வைத்த வருடம், கொளத்தூரில் ஒரு கடையில் இதே புளூ டாங்கை வாங்கி நேரே தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் புள்ளிகள் வந்தன. கடையில் கொடுத்ததை ஊற்றினேன். எட்டாம் நாள் உடம்பு பளிச்சென்று ஆகிவிட்டது. மருந்து வேலை செய்துவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். பதினைந்தாம் நாள் அதே மீன் ரவையில் புரட்டி எடுத்த மாதிரி நின்றது, கூட இருந்த க்ளவுன் மீன்களுக்கும் தொற்றியிருந்தது.

புள்ளி மறைந்ததற்கும் என் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. உப்புநீர் இக் எனப்படும் இந்த நோய்க்குக் காரணம் க்ரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கடியில் மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு, பெரும்பாலும் இருட்டில், தானாகவே உதிர்ந்து விழுந்து மணலிலோ கல்லிலோ ஒட்டி ஓடு கட்டிக்கொள்ளும். ஓட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகி, சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் வெளியே நீந்தி வரும். அந்த நீந்தும் பருவத்தில் மட்டும்தான் காப்பர் அதைக் கொல்லும். மீன் மேல் இருப்பதையோ ஓட்டுக்குள் இருப்பதையோ தொடாது. ஆகவே புள்ளி போய்விட்டது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது.

சரி, உங்கள் மீனுக்கு வந்திருப்பது இக் தானா? புள்ளிகளை எண்ணுவதற்கு முன் மூச்சைப் பாருங்கள். இக் வந்த மீன் ஆரம்பத்தில் சாப்பிடும், சுற்றும், அவ்வப்போது கல்லில் உரசிக்கொள்ளும். புள்ளிகள் ரவை மாதிரி தனித்தனியாக, எண்ணக்கூடியதாக இருக்கும். மாறாக, செவுள் படபடவென்று அடித்துக்கொள்கிறது, மீன் பவர்ஹெட்டின் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) நீரோட்டத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது, வெளிச்சத்தைக் கண்டால் ஒளிகிறது, சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் அது வெல்வெட் என்ற இன்னொரு நோயாக இருக்கலாம். அதற்குக் காரணம் அமைலோடினியம் என்ற ஒட்டுண்ணி. இதில் புள்ளிகளை எண்ண முடியாது, சலித்த மாவைத் தூவியது போல இருக்கும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொன்னிறப் பூச்சாகத் தெரியும். பல சமயம் அது தெரிவதற்கு முன்பே செவுளை முடித்துவிடும். இக்கில் உங்களுக்கு நாட்கள் உண்டு, வெல்வெட்டில் மணிக்கணக்குதான்.

க்ளவுன் மீனில் தோல் பாலாடை மாதிரி உரிந்து தொங்கினால் அது ப்ரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. இதற்குக் காப்பர் பயனில்லை, ஃபார்மலின் வேண்டும். கண் மங்கி, உடம்பை ஓயாமல் உரசினால் தோல் புழு என்று சந்தேகப்படலாம். சந்தேகம் தீர ஒரு எளிய வழி உண்டு: குளோரின் நீக்கிய, உப்பில்லாத நல்ல தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, வெப்பநிலையும் பி.எச்சும் தொட்டியோடு ஒத்துப்போகச் செய்து, காற்று விட்டு, மீனை ஐந்து நிமிடம் அதில் வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், மீன் துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள். அடர்நிற வாளியாக இருக்கட்டும். புழு இருந்தால் அடியில் வெள்ளை எள் மாதிரி உதிர்ந்து கிடக்கும். அப்படியென்றால் மருந்து ப்ராசிக்வான்டெல். முட்டைக்கு அது கேட்காது, அதனால் ஒரு வாரம் போல இடைவெளி விட்டு இரண்டாம் தடவையும் கொடுக்க வேண்டும்.

இக், வெல்வெட் இரண்டுக்கும் காப்பர்தான், ஆனால் தனித் தொட்டியில். நாற்பது லிட்டர் போதும், டாங் குட்டியாக இருந்தால். மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சை முன்கூட்டியே நோயில்லாத தொட்டியின் சம்ப்பில் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) ஒரு மாதம் ஊறப் போட்டிருந்தால், அதில் நல்ல பாக்டீரியா வளர்ந்திருக்கும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தொல்லை இல்லை. இல்லையென்றால் தினமும் தண்ணீர் மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்காதீர்கள், அவற்றில் பல காப்பரை இன்னும் நச்சாக்கிவிடும்.

அளவு விஷயத்தில்தான் நிறைய மீன் சாகிறது. காப்பர் மருந்தில் இரண்டு வகை. கீலேட்டட் (வேறு பொருளோடு பிணைத்த காப்பர்) என்றால் 2 முதல் 2.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம். அயானிக் (அப்படிப் பிணைக்காதது) என்றால் சுமார் 0.5 பிபிஎம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால், ஒரு பக்கம் மீன் செத்துவிடும், மறுபக்கம் ஒட்டுண்ணி சௌக்கியமாக இருக்கும். பாட்டிலில் எந்த வகை என்று எழுதியில்லை என்றால் அதை வாங்காதீர்கள், உங்கள் நீல பாட்டில் உட்பட. நிறம் பார்த்து ஒப்பிடும் டெஸ்ட் கிட்டை நம்பி நான் ஒரு மீனை இழந்தேன். காப்பர் அளவை எண்ணில் காட்டும் டிஜிட்டல் செக்கர் விலை அதிகம்தான், ஆனால் அதையே வாங்குங்கள். இக் என்றால் இரண்டு மூன்று நாளில் மெல்ல அளவை ஏற்றி, முழு அளவில் 30 நாள் வையுங்கள். நடுவில் ஒருநாள் அளவு இறங்கினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வெல்வெட் என்றால் மெல்ல ஏற்றும் சொகுசு கிடையாது.

மெயின் தொட்டியில் மீன் ஒன்றுகூட இருக்கக் கூடாது, புள்ளி இல்லாத மீனும் வெளியே வர வேண்டும். ஓட்டுக்குள் 72 நாள் கிடந்து பொரிந்ததாகவும் பதிவு இருப்பதால் 76 நாள் காலியாக விடுவது வழக்கம். அந்தப் பதிவு குளிர்ந்த நீரில் கண்டது, நம் ஊர் வெப்பத்தில் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பார்கள். நான் 76 நாளும் விட்டேன். பவளமும் இறாலும் அதில் தாராளமாக இருக்கலாம், அவற்றுக்கு இது தொற்றாது. மீனே இல்லாத தொட்டிக்கு எதற்கு லைட்டும் கரண்ட் பில்லும் என்று அம்மா தினமும் கேட்டார்கள்.

இப்போதைக்கு, மீன் சாப்பிடுகிறதா, செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று இன்றே பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நாளை தனித் தொட்டிக்கு வேண்டியதை வாங்கி வர நேரம் இருக்கிறது. பவர்ஹெட் முன்னால் போய் நின்றால் நாளைவரை காத்திருக்காதீர்கள், வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஏர் பம்ப்பைப் போட்டு ராத்திரியே சிகிச்சையை ஆரம்பித்துவிடுங்கள்.